இரண்டாம் மதிப்பீட்டாளர்

பெயரை அழித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.
ஊர் அழியவில்லை.
ஆங்கிலக் கட்டுரை, முப்பத்தொரு பக்கம்,
வரிக்கு வரி எண் போட்டது.
நூற்று நாற்பதாவது வரியில்
'மறுகால்' மட்டும் மொழிபெயர்க்கப்படாமல்
சாய்வெழுத்தில் கிடந்தது.
யாரோ நம்ம பக்கத்து ஆள்.
அதற்குமேல் யோசிக்கக் கூடாது என்பது விதி.
யோசித்தேன்.

இருபத்தொரு நாள் தவணை.
சம்பளம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.
விடைத்தாள் கட்டுகளை முடித்து
பாளையங்கோட்டை அடங்கிய பிறகு
மின்விசிறி தன்பாட்டுக்குப் பக்கம் புரட்ட
பென்சிலோடு உட்கார்ந்தேன்.

நத்தைகுத்தி நாரைகளைப் பற்றியது.
மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே
வானம் பார்த்த ஒரு குளம்.
இரண்டு வருடம், மாதத்துக்கு ஒரு கணக்கு.
முன்னுரை நீளம். படங்கள் நன்று.
மூன்றாம் அட்டவணையில் நின்றுவிட்டேன்.
மார்ச்சில் பதினேழு நாரை. ஏப்ரலில் ஒன்பது.
மே, ஆறு. ஜூன், ஐந்து.
இருபத்து நான்கு கட்டங்களில்
ஒரு பூஜ்யம்கூட இல்லை.

நம் சீமையில்
பூஜ்யம் இல்லாத குளம் எது?

திரையில் நான்கு வட்டங்கள்:
ஏற்கலாம், சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுக்கலாம்.
கடைசி வட்டத்தின் மேல் சுட்டி கொஞ்ச நேரம் நின்றது.
என் கட்டுரை மேலும் இப்படியொரு சுட்டி
எங்கோ நிற்கிறது, ஏழு மாதமாய்.
(போன தடவை வந்த பதில்:
'வட்டார அளவில் மட்டுமே ஆர்வமூட்டக்கூடியது.'
வட்டாரம் இல்லாத நத்தையை
நான் இன்னும் பார்த்ததில்லை.)

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
விதியில் இதற்கு இடமுண்டா என்று பார்க்கவில்லை.
மே மாத வெயில்.
டிக்கெட்டை மூன்றாம் அட்டவணையில் செருகிக்கொண்டேன்.
கரை ஏறியதும் தெரிந்துபோயிற்று.
வெடித்த தரை. உடைமர நிழலில் செம்மறிகள்.
நடுக்குளத்தில் மூன்று குச்சி ஊன்றி
பையன்கள் கிரிக்கெட்.

'மே மாசம் இதுல தண்ணி கெடக்குமாடே?'
பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்த கொம்பையா
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
'தண்ணி கெடந்தா நாங்க எங்க வெளாடதுக்கு?'
'போன வருசம்?'
'போன வருசமும் நாங்கதான் ஜெயிச்சோம்.'

அறிக்கையில் பொய் என்று எழுதவில்லை.
அந்தச் சொல்லை மூன்று தரம் எழுதி
மூன்று தரம் அழித்தேன்.
வேறு எங்காவது எண்ணியிருக்கலாம்.
காய்ந்த குளத்துக்கு எதற்குப் போவானேன் என்று
வீட்டிலேயே இருந்திருக்கலாம்;
அப்புறம் காலிக் கட்டத்தைப் பார்த்துப் பயந்திருக்கலாம்.
அந்தப் பயம் எனக்கும் தெரியும்.
'அட்டவணை 3: குளம் வற்றிய மாதங்களில்
எண்ணிக்கை எங்கே எடுக்கப்பட்டது?
பூஜ்யங்கள் இருந்தால்
பூஜ்யங்களாகவே தரவும்.'
பெருந்திருத்தம்.

ஐப்பசிக் கடைசியில் திரும்பி வந்தது.
மே, பூஜ்யம். ஜூன், பூஜ்யம். ஜூலையும்.
முன்பு சொன்ன ஆறும் ஐந்தும்
அடுத்த ஊர்க் கால்வாய்ப் பாசன வயலில் எண்ணியவையாம்;
இப்போது தனி அட்டவணையில் மேய்ந்தன.
முடிவுரை பாதியாகச் சுருங்கி
காலூன்றி நின்றது.
பதில் கடிதத்தில் ஒரு வரி:
'இரண்டாம் மதிப்பீட்டாளர்
தென்மாவட்டக் குளங்களை நேரில் கண்டதில்லை போலும்.
எனினும் திருத்தியுள்ளோம்.'

சிரித்தேன். கோபமும் வந்தது.
எது முதலில் என்று குறித்துவைக்கவில்லை.
முதல் வட்டத்தை அழுத்தினேன்.
தானே புறப்படும் நன்றிக் கடிதம் ஒன்று
தானே வந்து சேர்ந்தது.

அந்த வாரம் மழை பிடித்தது.
குளம் பெருகி மறுகால் போகிறதென்று
மூலைக்கரைப்பட்டியிலிருந்து வரும் மாணவி சொன்னாள்.
கொம்பையாவின் குச்சிகள்
எத்தனை அடி ஆழத்தில் நிற்கின்றனவோ.
இப்போது எங்கே விளையாடுகிறான் என்று
போய்ப் பார்க்க வேண்டும்.

என் கட்டுரை
இன்னும் மதிப்பாய்வில் இருக்கிறது.